அதிகக் காற்று, குறைந்த குளிர்ச்சி

விமான என்ஜினின் டர்பைன் பிளேடு எப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிறது என்பதை எண்களில் சொன்னாலே, அது உருகாமல் எப்படி நிற்கிறது என்ற கேள்வி தானாக எழும். விமானம் தரையை விட்டு மேலெழும் நேரத்தில், எரியறையிலிருந்து பாய்ந்து வரும் வாயுவின் வெப்பநிலை இன்றைய என்ஜின்களில் சுமார் 1,500 முதல் 1,700 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. பிளேடின் அடிப்படை உலோகமான நிக்கலின் உருகுநிலையோ 1,455 டிகிரிதான். வலிமைக்காக மற்ற உலோகங்களைச் சேர்த்த நிக்கல் கலவை அதற்கும் முன்னதாகவே இளகத் தொடங்கிவிடும். உருகாமல் இருந்தால் மட்டும் போதாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும்போது வெளிப்புறமாக இழுக்கும் விசையைத் தாங்கி, பல்லாயிரம் மணி நேரம் வடிவம் மாறாமல் உழைக்கவும் வேண்டும். உலோகத்தின் சராசரி வெப்பநிலை கணக்கிட்டதைவிட 30 டிகிரி கூடினால் பிளேடின் ஆயுள் பாதியாகக் குறையலாம் என்று பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பிளேடைக் காப்பதில் பெரும்பங்கு ஒரு மெல்லிய காற்றுப் படலத்துடையது. கம்ப்ரஸரிலிருந்து பிரித்தெடுத்த காற்று பிளேடின் உள்ளே நுழைந்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள துளைகள் வழியே வெளியே வந்து, உலோகத்தின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு ஓடுகிறது. இந்தக் ‘குளிர்ந்த’ காற்றே 600 டிகிரிக்கு மேல் சூடானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்படித் துளை வழியே பாய்ந்து வரும் ஓட்டத்தைத் தாரை என்கிறோம். தாரையால் குளிர்விப்பது என்றவுடன் நமக்குத் தோன்றும் முதல் எண்ணம், வேகமாகவும் அதிகமாகவும் ஊதினால் கூடுதலாகக் குளிரும் என்பதுதான். இந்தக் கட்டுரை அந்த எண்ணத்தை மறுக்கிறது. சுவரைத் தழுவும் தாரையின் பயன் அது சுமந்து வரும் காற்றின் அளவிலோ வேகத்திலோ இல்லை. தாரைக்கும் வெளியே ஓடும் வாயுவுக்கும் இடையிலான விளிம்பில் நடக்கும் கலப்பை எவ்வளவு அடக்கி வைக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தக் கலப்பு கைமீறிவிட்டால், குளிர்விக்க ஊதிய காற்றே பரப்பைக் கூடுதலாகச் சூடாக்கிவிடும். மிகைப்படுத்திச் சொல்வதுபோல் தோன்றலாம். ஆனால் எளிய கூட்டல் கழித்தலிலேயே இதைக் காட்டிவிட முடியும். அதற்கு முன், வெப்பம் காற்றிலிருந்து ஒரு பரப்புக்கு எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

காற்றுக்கும் பரப்புக்கும் இடையே நடக்கும் வெப்பப் பரிமாற்றம் இரண்டு காரணிகளின் பெருக்கல். ஒன்று, இரண்டுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. மற்றொன்று, அந்த வேறுபாட்டின் ஒவ்வொரு டிகிரிக்கும் எவ்வளவு வெப்பம் நகரும் என்பதைச் சொல்லும் குணகம். இதை வெப்பமாற்றக் குணகம் என்கிறோம். காற்றின் வேகமும் கொந்தளிப்பும் கூடக்கூட இந்தக் குணகமும் கூடும். ஆனால் வெப்பம் எந்தத் திசையில் போகும் என்பதைத் தீர்மானிக்க அதனால் முடியாது. கத்திரி வெயிலில் அறையின் வெப்பம் 42 டிகிரியைத் தொடும்போது மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டால், வியர்வை ஆவியாகும் வரைதான் உடலுக்கு இதம். வியர்வை வற்றிவிட்டால் அதே காற்று வெளிச்சூட்டை இன்னும் வேகமாக உடலுக்குள் ஏற்றும். வேகம் என்பது பெருக்கும் எண் மட்டுமே. பெருக்கப்படுவது வரவா செலவா என்பதை வெப்பநிலை வேறுபாடு முடிவு செய்கிறது. தாரையைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருவது.

குணகம் ஏன் வேகத்தோடு கூடுகிறது என்பதற்கான விடை 1904ஆம் ஆண்டு கிடைத்தது. ஹைடல்பர்க் நகரில் நடந்த கணிதவியலாளர் மாநாட்டில் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியப் பொறியாளர் எல்லைப் படலம் என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு பரப்பைத் தொடும் இடத்தில் காற்று நகர்வதே இல்லை. பாகுத்தன்மை அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அங்கிருந்து சற்றே விலகினால் வேகம் சட்டென்று ஏறி, வெளிப்பாய்ச்சலின் வேகத்தை எட்டிவிடும். பூஜ்ஜியத்திலிருந்து முழு வேகம் வரை ஏறும் அந்த மெல்லிய அடுக்குக்குள்தான் உராய்வும் நடக்கிறது, வெப்பத்துக்கான தடையும் இருக்கிறது. அடுக்கு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதாக வெப்பம் ஊடுருவும். வேகம் கூடினால் அடுக்கு மெலியும். கொந்தளிப்பு கூடினால் சுழல்கள் சுவரின் அருகிலேயே புகுந்து வெப்பத்தை அள்ளிச் செல்லும். உராய்வும் வெப்பப் பரிமாற்றமும் ஒரே சுழல்களின் வேலை என்பதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் பிராண்டிலுக்கும் முன்பே, 1874இல், சுட்டிக்காட்டியிருந்தார். ஆகவே பரப்பின் மேல் காற்றை வேகமாக ஓட்டும் எவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், வெப்பத்துக்கான கதவையும் அகலத் திறக்கிறார்கள்.

‘தாரையால் வேகமாக ஊதிக் குளிர்விப்பது தொழிற்சாலைகளில் அன்றாடம் நடக்கிறதே’ என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கண்ணாடியைக் கடினப்படுத்தவும், சூடான உலோகத் தகட்டைக் குளிர்விக்கவும், மின்னணுச் சில்லுகளின் சூட்டைத் தணிக்கவும் காற்றுத் தாரைகளைப் பரப்பின் மேல் நேராக மோதவிடுகிறார்கள். மோதும் புள்ளியில் எல்லைப் படலம் மிக மெல்லியதாக இருப்பதால் வெப்பமாற்றம் உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து காற்று நாலாபுறமும் திரும்பிப் பரப்பை ஒட்டி விரிகிறது. தாரையின் வாய் பரப்புக்கு அருகில் இருந்தால், மோதும் இடத்திலிருந்து ஏறத்தாழ வாயின் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு தொலைவில் இரண்டாவது உச்சம் ஒன்றும் தோன்றும். தாரையின் ஓரத்தில் பிறந்த சுழல்கள் சுவரோடு உரசுவதும், சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறுவதும் இதற்குக் காரணங்கள். டர்பைன் பிளேடின் உட்புறத்திலும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்த இடங்களிலெல்லாம் இரண்டே தரப்புகள்: சூடான பரப்பு, அதைவிடக் குளிர்ந்த காற்று. கலப்பு எவ்வளவு கூடினாலும் கலப்பது குளிர்ந்த காற்றுதான் என்பதால் ஆதாயம் மட்டுமே. பிளேடின் வெளிப்புறத்தில் மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது: 1,600 டிகிரி வாயு. அங்கே கலப்பு என்றால் அந்த வாயுவைச் சுவருக்கு அழைத்து வருவது. உள்ளே நண்பனாக இருந்த சுழல் வெளியே எதிரியாகிவிடுகிறது.

மூன்றாவது தரப்பை உள்ளே விடாமல் ஒரு தாரை எவ்வளவு தூரம் ஓடும்? இதற்கு விடை தேட, முதலில் அசையாத காற்றில் ஒரு சுவரை ஒட்டி ஓடும் தாரையை ஆராய வேண்டும். இதைச் சுவர்த்தாரை என்று சொல்லலாம். 1934இல் ஃபோர்ட்மன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதை அளந்து பார்த்தார். 1956இல் கிளாவர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் அதற்கான கோட்பாட்டை வகுத்தார். சுவர்த்தாரையில் வேகம் சுவரில் பூஜ்ஜியமாகத் தொடங்கி, சுவருக்கு மிக அருகிலேயே உச்சத்தை எட்டி, பிறகு வெளிப்புறமாக மெல்ல மெல்லக் குறைகிறது. உச்சத்துக்கு உட்பட்ட பகுதி எல்லைப் படலத்தைப் போலவும், வெளிப்பகுதி வெட்டவெளியில் பாயும் தாரையைப் போலவும் நடந்துகொள்கிறது. இரண்டு வெவ்வேறு குணங்கள் ஒரே ஓட்டத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. வெட்டவெளியில் பாயும் தட்டையான தாரையின் பாதி அகலம், அது ஓடும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் விரிகிறது. சுவர்த்தாரை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான் விரிகிறது. தாரையின் ஒருபுறம் சுவரால் மூடப்பட்டிருப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. சுவர் அருகில் இருப்பதால் அதற்குச் செங்குத்தான திசையில் சுழல்கள் துள்ள முடிவதில்லை. வெளிக்காற்றை உள்ளே இழுப்பது அந்தத் துள்ளல்தான் என்பதால் கலப்பு குறைகிறது. சுவரைத் தழுவுவது தாரைக்குக் கிடைக்கும் இயற்கையான பாதுகாப்பு. படலத்தால் குளிர்விக்கும் உத்தி முழுவதும் இந்தப் பாதுகாப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

சுவர்த்தாரையைப் புரிந்துகொள்வதில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு. ரொத்தம் நரசிம்மாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், பல்வேறு ஆய்வகங்களின் சுவர்த்தாரை அளவீடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தாரை வெளிவரும் வாயின் உயரத்தை அளவுகோலாகக் கொண்டால் அந்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தாரை சுமந்து வரும் உந்தத்தையும் காற்றின் பாகுத்தன்மையையும் அளவுகோலாகக் கொண்டபோது பெரும்பாலும் ஒரே கோட்டில் வந்து அமர்ந்தன. வாயைவிட்டுப் போதிய தூரம் போன பிறகு, தான் எப்படிப்பட்ட வாயிலிருந்து வந்தோம் என்பது தாரைக்கு ஒரு பொருட்டல்ல. எவ்வளவு உந்தத்தோடு வந்தோம் என்பதே கணக்கில் வருகிறது. குளிர்விப்பைப் பற்றிய வாதத்துக்கு இது மிக முக்கியம். எவ்வளவு காற்று வந்தது என்ற ஒரே எண்ணை வைத்துத் தாரையை எடைபோடக் கூடாது, அது எப்படிப்பட்ட உந்தத்தோடு வந்தது என்று கேட்க வேண்டும் என்பதை இந்த ஆய்வு அடிப்படை நிலையிலேயே காட்டிவிட்டது.

இனி பிளேடுக்கு வருவோம். கோட்பாட்டின்படி மிகச் சிறந்த வழி, பரப்பில் நீளமாக ஒரு பிளவை வெட்டி அதன் வழியே பரப்புக்கு இணையாகக் காற்றைச் செலுத்துவது. அப்போது ஓர் அகலமான சுவர்த்தாரை கிடைக்கும். படலம் எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்பதைச் செயல்திறன் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். சுவரை ஒட்டிய வாயு குளிர்காற்றின் வெப்பநிலையிலேயே இருந்தால் செயல்திறன் 1. முழுக்க வெளிவாயுவின் வெப்பநிலையில் இருந்தால் 0. பிளவின் வாயருகே இது கிட்டத்தட்ட 1ஆக இருக்கும். தூரம் போகப் போகக் குறைந்தாலும், குறைவது படிப்படியாகத்தான். எரியறையின் சுவர்களில் இத்தகைய பிளவுகளை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் சுழலும் பிளேடில் நீளமான பிளவை வெட்டினால் அதன் வலிமை போய்விடும். அதனால் வரிசையாகத் துளைகள் இட வேண்டியிருக்கிறது. துளைகளைப் பரப்புக்கு முற்றிலும் இணையாகக் குடையவும் முடியாது; பெரும்பாலும் 30 முதல் 35 டிகிரி சாய்வில்தான் குடைய முடியும். தாரை பரப்பை ஒட்டிப் பிறப்பதற்குப் பதிலாக, சற்றே மேல்நோக்கிப் பாய்ந்து பிறகு வளைந்து ஒட்ட வேண்டிய நிலை உருவாகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு துளையை மட்டும் உற்றுப் பார்ப்போம். துளையிலிருந்து எழும் தாரையைக் குறுக்கே ஓடிவரும் சூடான வாயு எதிர்கொள்கிறது. உந்தம் குறைவாக இருந்தால் வெளிவாயு தாரையை எளிதாக வளைத்துப் பரப்போடு அழுத்திவிடும். உந்தம் கூடினால் தாரை வளைய மறுத்து, பரப்பைவிட்டு மேலே எழும். அதோடு நிற்பதில்லை. தாரையின் இரு பக்கங்களிலும் வெளிவாயு உரசுவதால் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்கள் உருவாகின்றன. குறுக்குவெட்டில் பார்த்தால் சிறுநீரக வடிவில் இருக்கும் இந்த இணைச்சுழல்கள் நடுவில் மேல்நோக்கித் தள்ளுகின்றன. ஒன்றையொன்று உயர்த்திக்கொண்டே தாரையையும் பரப்பிலிருந்து தூக்கிச் செல்கின்றன. தாரை விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, பக்கங்களிலிருந்து சூடான வாயு அதன் அடியில் புகுந்துவிடுகிறது. மேலே குளிர்ந்த காற்று, கீழே கொதிக்கும் வாயு, அதற்கும் கீழே உலோகம்: காவல் நிற்க வேண்டியது எல்லைக்கு வெளியே நிற்கிறது, எதிரி உள்ளே இருக்கிறான். தாரையின் உந்தம் வெளிவாயுவின் உந்தத்தில் சுமார் 0.4 மடங்குக்குக் கீழே இருந்தால் தாரை ஒட்டியே இருக்கும்; 0.4க்கும் 0.8க்கும் இடையில் ஒருமுறை விலகி மீண்டும் ஒட்டும், 0.8க்கு மேல் போனால் விலகியது விலகியதுதான் என்று அளவீடுகள் காட்டுகின்றன. உருளை வடிவத் துளைகளில், குளிர்காற்றின் அடர்த்தி வெளிவாயுவின் அடர்த்தியை ஒட்டியே இருக்கும் ஆய்வகச் சூழலில், வெளிவாயுவின் பாய்வில் ஏறத்தாழ பாதி அளவு ஊதும்போதுதான் செயல்திறன் உச்சத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஊதும் ஒவ்வொரு கிராம் காற்றும் செயல்திறனைக் குறைக்கவே செய்கிறது.

இப்போது அந்தக் கூட்டல் கழித்தல். ஒரு மாதிரிக் கணக்குக்காக வாயு 1,600 டிகிரி, குளிர்காற்று 650 டிகிரி, உலோகம் 1,000 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். படலமே இல்லாவிட்டால் வெப்பத்தை உலோகத்துக்குள் தள்ளும் வேறுபாடு 600 டிகிரி. தாரை நன்றாக ஒட்டி, செயல்திறன் 0.4 என்று இருந்தால், சுவரை ஒட்டிய வாயு 1,220 டிகிரிக்கு இறங்கும். வேறுபாடு 220 ஆகும். தாரை கிளப்பிய கொந்தளிப்பால் வெப்பமாற்றக் குணகம் 20 விழுக்காடு கூடியதாகக் கொண்டாலும், அது பழைய கணக்கில் 264 டிகிரிக்குச் சமம். வெப்பச்சுமை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இனி காற்றை அதிகமாகச் செலுத்துகிறோம், தாரை பரப்பைவிட்டு எழுகிறது, செயல்திறன் 0.1ஆகச் சரிகிறது. சுவரை ஒட்டிய வாயு 1,505 டிகிரி, வேறுபாடு 505. வேகமான தாரை குணகத்தை 30 விழுக்காடு கூட்டிவிட்டால் அது 656 டிகிரிக்குச் சமம். படலமே இல்லாத நிலையின் 600ஐவிட இது அதிகம். காற்றையும் கூடுதலாகச் செலவழித்து, உலோகத்தையும் கூடுதலாகச் சுட்டிருக்கிறோம். பெருக்கும் எண் கூடியது, பெருக்கப்படும் எண் போதிய அளவு குறையவில்லை, நடந்தது அவ்வளவுதான்.

உந்தமே முதன்மை என்பதால் ஆய்வகத்தில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றும் வருகிறது. என்ஜினில் குளிர்காற்று வெளிவாயுவைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் இருப்பதால், அதன் அடர்த்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே அளவு காற்றைச் செலுத்த, அடர்த்தியான காற்றுக்குப் பாதி வேகம் போதும். நிறைப்பாய்வு வெளிவாயுவுக்குச் சமமாக இருக்கும்போது, அடர்த்தியும் சமம் என்றால் உந்த விகிதம் 1. அடர்த்தி இரண்டு மடங்கு என்றால் 0.5. முதலாவது தாரை பரப்பைவிட்டுப் பறந்துவிடும், இரண்டாவது விலகினாலும் திரும்ப ஒட்டும். இரண்டிலும் செலவான காற்று ஒரே அளவுதான். அறை வெப்பநிலைக் காற்றை வைத்தே இரண்டு ஓட்டங்களையும் உருவாக்கிச் சோதித்தால் கிடைக்கும் விடை என்ஜினுக்குப் பொருந்தாது. அதனால்தான் பல ஆய்வகங்களில் குளிர்காற்றுக்குப் பதிலாக, காற்றைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியுள்ள கார்பன் டை ஆக்சைடைத் துளை வழியே செலுத்தி அளக்கிறார்கள்.

நோய்க்கான காரணம் தெரிந்தால் மருந்தும் அதற்கேற்ப அமையும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டைனும் எக்கர்ட்டும் 1974இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், துளையின் உள்ளே குறுகலாகவும் வாயருகே விசிறிபோல் விரிவாகவும் இருக்கும்படி அமைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு காற்று நுழைய வேண்டும் என்பதைக் குறுகலான பகுதி முடிவு செய்கிறது. எந்த வேகத்தில் வெளியேற வேண்டும் என்பதை விரிந்த வாய் முடிவு செய்கிறது. வாய் விரிந்ததால் வேகம் தணிகிறது, உந்தம் இறங்குகிறது, தாரை பக்கவாட்டில் பரவிப் பரப்போடு ஒட்டிக்கொள்கிறது, இணைச்சுழல்களும் வலுவிழக்கின்றன. உருளைத் துளை தோற்றுப்போகும் அளவுக்குக் காற்றைச் செலுத்தினாலும் விசிறித் துளையின் படலம் தாக்குப்பிடிக்கிறது. இன்று நவீன பிளேடுகளில் இவ்வகை வடிவத் துளைகள் பரவலாகிவிட்டன. இங்கே புதிய உலோகம் எதுவும் வரவில்லை, கூடுதல் காற்றும் செலவாகவில்லை. மாறியது தாரை பிறக்கும் விதம் மட்டும். கலப்பை அடக்குவதே பயன் என்ற கூற்றுக்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இதற்கு எழக்கூடிய எதிர்வாதங்களில் வலுவானது, உலோகத்தை மாற்றினால் தாரையே வேண்டாமே என்பது. உண்மையில் பொருளறிவியல் பெரிய தாவல்களைச் செய்திருக்கிறது. பிளேடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள்; அதன் மேல் சிர்கோனியா போன்ற பீங்கான் பூச்சைப் பூசுகிறார்கள்; 2016இல் பயணச் சேவைக்கு வந்த லீப் என்ஜினில், பிளேடுகளைச் சூழ்ந்திருக்கும் உறைப்பகுதியைப் பீங்கான் கலவையாலேயே செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பொருள் கூடுதல் சூட்டைத் தாங்கக் கற்றுக்கொண்டபோது, வடிவமைப்பாளர்கள் அந்த வசதியை வாயுவின் வெப்பநிலையை இன்னும் உயர்த்தவோ குளிர்காற்றைக் குறைக்கவோ பயன்படுத்திக்கொண்டார்கள். வெப்பநிலை உயர்ந்தால் என்ஜினின் திறன் உயரும் என்பதால் இந்தப் பேராசைக்கு நியாயமும் உண்டு. பீங்கான் பூச்சு வெப்பத்தைத் தடுக்க வேண்டுமானால், அதன் அடியிலிருக்கும் உலோகத்திலிருந்து வெப்பத்தை யாராவது வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சற்றுத் தாமதமாக அதுவும் அதே சூட்டை அடையும். பொருளும் தாரையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. ஒன்றில்லாமல் மற்றது முழுமை பெறுவதில்லை.

இரண்டாவது எதிர்வாதம், காற்றுதான் இலவசமாகக் கிடைக்கிறதே, துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால் போகிறது என்பது. குளிர்விக்கும் காற்று இலவசமில்லை. அதைக் கம்ப்ரஸர் உயர் அழுத்தத்துக்கு அழுத்தியிருக்கிறது. அதற்கான ஆற்றலை எரிபொருள் கொடுத்திருக்கிறது. அப்படி அழுத்திய காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை, எரியறைக்குப் போகாமல் குளிர்விப்புக்கே செலவாகிறது. அதோடு, துளையிலிருந்து வரும் காற்று பிரதான ஓட்டத்தோடு கலக்கும்போது டர்பைனின் திறனிலும் இழப்பு ஏற்படுகிறது. வெப்பநிலையை உயர்த்திப் பெற்ற ஆதாயத்தை அளவுக்கு மீறிய குளிர்காற்று தின்றுவிடக்கூடும். குறைந்த காற்றில் நிறைந்த பாதுகாப்பு என்பது அழகுக்காகச் சொல்வதல்ல. அதுதான் என்ஜினின் பொருளாதாரம்.

மூன்றாவது எதிர்வாதம் நம் காலத்துக்கே உரியது: கணினியில் கணித்துவிடலாமே, சோதனை எதற்கு? பாய்ச்சலை ஆளும் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நம்மிடம் இருக்கின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான துளைகள் கொண்ட ஒரு பிளேடில் ஒவ்வொரு சுழலையும் அப்படியே கணக்கிடுவது இன்றைய பெருங்கணினிகளுக்கும் எளிதல்ல. ஆகவே அன்றாட வடிவமைப்பில் சுழல்களைச் சராசரியாக்கி, அவற்றின் விளைவை ஒரு கூடுதல் பாகுத்தன்மையாக உருவகித்துக்கொள்கிறார்கள். சுவர்த்தாரை இந்த உருவகத்தின் பலவீனத்தை அம்பலப்படுத்துகிறது. பரவலாகப் பயன்பட்ட அடிப்படை மாதிரி ஒன்று, சுவர் சுழல்களை அமுக்குகிறது என்பதை அறியாததால், தாரை உண்மையைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு வேகமாக விரிவதாகக் கணித்தது. இன்னொரு சிக்கல் அதைவிட ஆழமானது. உருவகத்தின்படி, வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் உராய்வு விசை பூஜ்ஜியமாக வேண்டும். அளந்து பார்த்தால் உராய்வு விசை அதற்கு முன்பே, சுவருக்கு இன்னும் நெருக்கத்தில், பூஜ்ஜியமாகிவிடுகிறது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள மெல்லிய பட்டையில், உந்தம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகாமல் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறது. வெளிப்பகுதியின் பெரிய சுழல்கள் உட்பகுதிக்குள் ஊடுருவுவதால் வரும் விளைவு இது. ஒவ்வொரு புள்ளியிலும் அந்தந்த இடத்து நிலவரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் எந்த மாதிரியாலும் இதைப் பிடிக்க முடியாது. கணினி தவிர்க்க முடியாத துணைதான். ஆனால் எந்தக் கணிப்பை நம்பலாம் என்று சொல்வது இன்றும் காற்றுச் சுரங்கத்து அளவீடுகளே.

இந்த அறிவு விமான என்ஜினோடு முடிந்துவிடுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வி-2 ராக்கெட்டிலேயே, எரியறைச் சுவரிலுள்ள சிறு துளைகள் வழியே எரிபொருளான ஆல்கஹாலைக் கசியவிட்டுச் சுவரைக் காத்தார்கள். இஸ்ரோவின் விகாஸ் என்ஜினும் எரிபொருளின் ஒரு பகுதியை எரியறைச் சுவரை ஒட்டிப் படலமாக ஓடவிட்டே தன்னைக் காத்துக்கொள்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், ககன்யான் திட்டத்துக்காக 2021 ஜூலையில் அந்த என்ஜினை 240 விநாடிகள் தொடர்ந்து எரியவிட்டுச் சோதித்தபோது, சுவருக்கும் தீக்கும் நடுவே நின்றதும் இதுபோன்ற ஒரு மெல்லிய படலம்தான். திரவம் என்பதால் ஆவியாகும்போது கூடுதலாக வெப்பத்தை உறிஞ்சும் வசதி அதற்கு உண்டு. ஆனால் விதி மாறவில்லை: படலம் சுவரோடு ஒட்டியிருக்கும் வரைதான் அது காவல். சுவருக்குச் செலவிட்ட எரிபொருள் உந்துதலுக்கு முழுமையாகப் பயன்படாது என்பதால், இங்கும் குறைவாகச் செலவிட்டு முழுதாகக் காப்பதே குறிக்கோள்.

இந்தியா சொந்தமாகப் போர் விமான என்ஜின் செய்வது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் உலோகத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். காவேரி என்ஜின் திட்டம் 1989இல் ஒப்புதல் பெற்றது. தேஜஸ் விமானத்தில் அதைப் பொருத்தும் நோக்கம் பின்னர் கைவிடப்பட்டது. ஒற்றைப் படிக பிளேடுகளைச் செய்யும் திறன் அப்போது நம்மிடம் இல்லாதது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஹெலிகாப்டர் என்ஜினுக்காக 60 ஒற்றைப் படிக பிளேடுகளைச் செய்து 2021இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. அது பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால் நல்ல உலோகம் கிடைத்தால் பாதி வேலைதான் முடிகிறது. அதில் எங்கே துளையிடுவது, எந்தச் சாய்வில், எந்த வாய் வடிவத்தில், எவ்வளவு காற்றோடு என்பவை மீதிப் பாதி. அந்த விடைகளை எந்த நாடும் எந்த நிறுவனமும் எளிதில் விலைக்கு விற்காது. என்ஜின் தயாரிப்பாளர்கள் பொத்திப் பொத்திப் பாதுகாக்கும் அறிவில் இதுவும் அடங்கும். அதைச் சொந்தமாக ஈட்ட வேண்டுமானால் காற்றுச் சுரங்கங்களும், சூடான ஓட்டத்தில் அளக்கும் கருவிகளும், பத்து இருபது ஆண்டுகள் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டும் ஆய்வாளர்களும் வேண்டும். சுவர்த்தாரையின் அடிப்படையை 1973இலேயே உலகுக்கு எடுத்துச் சொன்ன நாட்டில் அதற்கான விதை இல்லாமல் இல்லை. அதிகமாக ஊதுவது எளிது, அதற்குப் பெரிய விசைக்கருவி போதும். அளவாக ஊதிப் பரப்போடு ஒட்டவைக்க, பாய்ச்சலைப் பற்றிய ஆழ்ந்த அறிவு வேண்டும். பணமும் காலமும் முதலில் போக வேண்டிய இடம் அந்த அறிவை வளர்க்கும் ஆய்வகங்கள்தான்.